அம்மாவின் தையல் நோட்டுகளை இணையதளமாகப் போட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் தையல் வேலை செய்தவர். அளவு எடுப்பது, துணி வெட்டுவது, கைக்குழி வளைப்பது, காலர் வைப்பது என்று தான் கற்றதையெல்லாம் நான்கு நோட்டுகளில் பென்சில் படங்களோடு எழுதி வைத்திருக்கிறார். முதல் நோட்டின் ஓரம் பொடிந்து உதிர ஆரம்பித்துவிட்டது. தையல் கற்றுக்கொள்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி இதை இணையதளமாகப் போட ஆசை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். தேடிப் பார்த்தால் டொமைன் வாங்கு என்கிறார் ஒருவர், ஹோஸ்டிங் எடு என்கிறார் இன்னொருவர். எது முதலில், எது பிறகு என்றே புரியவில்லை. காசு கட்டித்தான் தொடங்க வேண்டுமா?

மின்கம்பி:
வேர்ட்பிரஸ் போட்டுவிடுங்கள், இணையதளம் நடத்துவதற்கான மென்பொருள் அது. 2003லிருந்து இருக்கிறது, இலவச மென்பொருள், உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் அளவுக்குப் பரவியது. ஹோஸ்டிங் எடுத்தால் ஒரு பட்டனில் நிறுவித் தருவார்கள். தளத்தின் தோற்றத்துக்கு ஒரு தீம் போட்டுப் படங்களை ஏற்றினால் வேலை முடிந்தது.

பழையதிரை:
தம்பி, எதையும் நிறுவுவதற்கு முன் இணையதளம் என்றால் என்ன என்று ஒரு தடவை தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அதில் இருப்பது மூன்றே பொருள்கள். ஒன்று, உங்கள் கோப்புகள். இரண்டு, இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டவருக்கு அந்தக் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் ஒரு கணினி. அதுதான் சர்வர், அதில் இடம் பிடிப்பதுதான் ஹோஸ்டிங். மூன்று, அந்தக் கணினிக்கு ஆட்களை வழிகாட்டிக் கூட்டி வரும் பெயர். அதுதான் டொமைன்.

இந்த மூன்றில் முதலாவதை இன்று இரவே செய்யலாம். இரண்டாவது இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவதை அவசரமில்லாமல் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பலர் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பெயரை வாங்கி வைத்துவிட்டு, பக்கம் ஒன்றும் போடாமலே ஒரு வருடம் ஓடிவிடும்.

வேர்ட்பிரஸ் நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குள் பிஎச்பி என்ற நிரல்மொழி, ஒரு தரவுத்தளம், தீம், கூடுதல் வசதி தரும் ப்ளகின் எல்லாம் ஓட வேண்டும், எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் நோட்டு தினமும் மாறப்போவதில்லை. அதற்குச் சாதாரண எச்டிஎம்எல் பக்கம், அதாவது எழுத்துக்கு நடுவே எது தலைப்பு, எது படம் என்று குறிகள் போட்ட கோப்பு போதும், காலம் தாங்குவதும் அதுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989ல் செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் இந்த வலை யோசனையை எழுதிக் கொடுத்தார். 1991ல் வெளிவந்த அந்த முதல் தளம் வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். அதன் பிரதியை இன்றும் செர்ன் வைத்திருக்கிறது. உங்கள் கைபேசியில் திறந்தால் ஒரு வரி கெடாமல் படிக்க வருகிறது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதனால்தான் நீங்களும் நானும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பக்கம் போட முடிகிறது.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்குங்கள். நோட்பேடைத் திறந்து முதல் பக்கத்தை எழுதுங்கள். தலைப்புக்கு எச்1 குறி, பத்திக்கு பி குறி, படத்துக்கு ஐஎம்ஜி குறி, இன்னொரு பக்கத்துக்கு வழி காட்ட ஏ குறி. இந்த நான்கையும் வைத்துக்கொண்டே ஒரு நோட்டை முழுதாகப் போட்டுவிடலாம். கோப்புக்கு இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்றுதான் பெயர் வைக்க வேண்டும், ஏனென்றால் சர்வர் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். குறிகளை எப்படி எழுதுவது என்பதற்கு எம்டிஎன் என்ற இலவசக் கையேட்டுத் தளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் நன்றாக இருக்கின்றன.

கோப்பின் மேற்பகுதியில் மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். அந்த வரி இல்லாவிட்டால் சில இடங்களில் உலாவி அந்த மூன்றையும் தனித்தனி எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, புரியாத லத்தீன் எழுத்துகளைப் பக்கம் முழுக்கக் கொட்டிவிடும்.

சாளரம்:
இது எனக்கு நடந்திருக்கிறது. என் கணினியில் அழகாகத் தெரிந்த பக்கம், சர்வரில் ஏற்றியதும் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எழுத்துரு கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் எழுத்துரு மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த ஒரு வரி இல்லை. அதை டைட்டில் குறிக்கும் மேலே, முதல் 1024 பைட்டுகளுக்குள் வருகிற மாதிரி வையுங்கள்.

நூல்கண்டு:
பழையதிரை ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி எழுதிச் சேமித்தேன். ஆனால் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் மறுபடியும் நோட்பேடிலேயே திறக்கிறது. உலாவியில் வரவில்லை. பெயர் சரியாகத்தான் இருக்கிறது, இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்றே காட்டுகிறது.

பழையதிரை:
அந்தப் பெயரின் வாலில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும், விண்டோஸ் அதை மறைத்துவைத்திருக்கிறது. ஃபோல்டர் சன்னலின் மேலே வியூ பட்டியலுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்குங்கள். உண்மையான முழுப் பெயர் தெரியும், கடைசித் துண்டை அழித்துவிடுங்கள். இனிமேல் அந்த அமைப்பை இயக்கியே வைத்திருங்கள். இணைய வேலைக்குக் கோப்பின் முழுப் பெயரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சேமிக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10 என்றால் தானாகவே அதுதான் வரும். பழையது என்றால் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நூல்கண்டு:
வந்துவிட்டது! முதல் வரியில் அம்மாவின் பெயரும் கீழே மூன்று பத்திகளும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சரி, இதை வெளியில் எல்லோரும் பார்க்க என்ன செய்வது?

மின்கம்பி:
இதற்கு நானே சொல்கிறேன். சாதாரண கோப்புகள்தான் என்றால், கிட்ஹப் தளம் இலவசமாகத் தரும் கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் நல்லது. ஒரு கணக்குத் தொடங்குங்கள். உள்ளே போய்ப் புதிய ரெப்போ ஒன்று உருவாக்குங்கள். ரெப்போ என்றால் உங்கள் ஃபோல்டரை அங்கே வைக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் உங்கள் பயனர் பெயர், டாட் கிட்ஹப், டாட் ஐஓ என்று எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பப்ளிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அப்லோட் ஃபைல்ஸ் என்ற இடத்தில் ஃபோல்டருக்குள் இருப்பவற்றை இழுத்துப் போட்டு, கீழே இருக்கும் பச்சைப் பட்டனை அழுத்துங்கள். சில நிமிடங்களில் அந்தப் பெயரே உங்கள் தளத்தின் முகவரியாகிவிடும். நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இரண்டும் இதே மாதிரி இலவசம்தான். எதை எடுத்தாலும் சரி.

தளத்தின் மொத்த அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது கிட்ஹப் பேஜஸின் வரம்பு. எழுத்தை மட்டும் வைத்து அதை நிரப்பவே முடியாது, படங்கள்தான் நிரப்பும்.

நூல்கண்டு:
ஏற்றிவிட்டேன், பக்கம் திறக்கிறது. ஆனால் நோட்டின் படங்கள் 12ல் ஒன்றுகூடத் தெரியவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த தாள் மாதிரி ஒரு சின்ன அடையாளம் மட்டும். என் லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்தால் எல்லாப் படமும் வருகிறது. கோப்புகளும் கிட்ஹப்பில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பழையதிரை:
இரண்டு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். படத்தின் முகவரியாக சி டிரைவ் என்று தொடங்கும் நீளமான பாதை எதையாவது எழுதியிருக்கிறீர்களா? அது உங்கள் வீட்டுக் கணினிக்குள் இருக்கும் வழி. வெளியில் இருப்பவருக்கு அந்த டிரைவ் கிடையாது. படத்தின் பெயரை மட்டும், அல்லது ஃபோல்டர் பெயர், சாய்கோடு, படத்தின் பெயர் என்று எழுத வேண்டும்.

அது சரியாக இருந்தால், கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கேமராக்கள் பல நேரம் ஜேபிஜி என்ற வாலைப் பெரிய ஆங்கில எழுத்தில் வைக்கும். நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, அதனால் வீட்டில் படம் தெரியும். சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அதற்குப் பெரிய எழுத்துப் பெயர் ஒரு கோப்பு, சிறிய எழுத்துப் பெயர் வேறு கோப்பு.

நூல்கண்டு:
இரண்டாவதேதான் ஐயா! 12 படத்திலும் வால் பெரிய எழுத்து. நான் எல்லா இடத்திலும் சிறியதாக எழுதியிருந்தேன். பெயரை மாற்றி மறுபடி ஏற்றினேன், எல்லாம் வந்துவிட்டது. நேற்று இரவு இதற்காக ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

பழையதிரை:
இனிமேல் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயர் எல்லாமே சிறிய ஆங்கில எழுத்து, எண், நடுவில் இடைவெளிக்குப் பதில் சிறு கோடு. தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் முகவரியை நகல் எடுத்து அனுப்பும்போது அது சதவீதக் குறிகளாக நீண்டு, வாங்குகிறவர் பயந்துவிடுவார். பக்கத்துக்குள்ளே தமிழ் தாராளமாக இருக்கட்டும்.

சாளரம்:
தம்பி, உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். கைக்குழி வளைவுப் படம் அவ்வளவு தெளிவு, அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் ஒன்று உடனே கவனிக்க வேண்டும். ஏழாவது படத்தில் வலது ஓரத்தில் மூன்று பெண்களின் பெயரும், அவர்களுடைய மார்பளவு, இடுப்பளவும் இருக்கின்றன. ஒருவருடைய தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அம்மா தன் வேலைக்காகக் குறித்து வைத்தது அது. அவர்கள் அதை உலகம் பார்க்கட்டும் என்று கொடுக்கவில்லை.

அந்தப் படத்தை மட்டும் அழித்தால் போதாது. பப்ளிக் ரெப்போவில் நீங்கள் முன்பு ஏற்றியதும் வரலாறாக உள்ளே தங்கியிருக்கும், தேடுகிறவர் எடுத்துவிடலாம். நீங்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள், 12 படம்தான். ரெப்போவையே முழுதாக நீக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாக உருவாக்கி ஏற்றுவது எளிது. பெயர்கள் இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை வைத்து மறுபடி படம் எடுங்கள். படத்தை மங்கலாக்குவதைவிட இது நம்பகமானது.

இன்னொன்று. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்ற ஜிபிஎஸ் விவரமும் ஒளிந்திருக்கலாம். அதாவது உங்கள் வீடு. விண்டோஸில் படத்தின் மேல் வலச் சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், கீழே ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் என்று தொடங்கும் வரி. அதை அழுத்தி நீக்கிவிட்டு ஏற்றுங்கள். அடுத்த தடவை படம் எடுப்பதற்கு முன் கேமரா அமைப்பிலேயே இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள்.

நூல்கண்டு:
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. உடனே ரெப்போவை நீக்கிவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும் அவரே நான்கு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் இருக்கும் பக்கங்களில் எல்லாம் துண்டுத் தாள் செருகிக்கொண்டிருக்கிறார். 31 பக்கங்கள் இருக்கின்றன.

மின்கம்பி:
மறுபடி படம் எடுக்கிறீர்கள் என்றால் அளவையும் கவனியுங்கள். முன்பு ஏற்றியவை ஒவ்வொன்றும் 4 எம்பி. 4000 பிக்சல் அகலம். பெரும்பாலோரின் திரை அவ்வளவு அகலம் காட்டப்போவதில்லை. ஒரு பக்கத்தில் 12 படம் என்றால் 48 எம்பி. மெதுவான இணைப்பில் இருப்பவர் பாதியில் எழுந்து போய்விடுவார். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறையுங்கள், பென்சில் கோடு அப்போதும் தெளிவாகவே தெரியும், அளவு சில நூறு கேபிக்கு வந்துவிடும். ஸ்க்வூஷ் என்று உலாவியிலேயே ஓடும் இலவசக் கருவி இருக்கிறது. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் குறைத்தது என்று ஒப்பிட்டுக் காட்டும். சுருக்காத மூலப் படங்களை மட்டும் தனியாக ஒரு டிரைவில் பத்திரமாக வையுங்கள்.

சாளரம்:
அளவு அட்டவணைகளைப் படமாக மட்டும் விடாமல் தட்டச்சு செய்தும் போடுங்கள். கண் தெரியாதவர் திரைவாசிப்பான் வைத்துக் கேட்பார், கையெழுத்துப் படத்தை அது படித்துக்காட்டாது. தேடுபொறிக்கும் எழுத்துதான் எளிது. ஒவ்வொரு படத்துக்கும் ஐஎம்ஜி குறிக்குள் ஆல்ட் என்ற இடத்தில் 'முழுக்கைச் சட்டையின் கைக்குழி வளைவு, பென்சில் படம்' என்கிற மாதிரி ஒரு வரி எழுதுங்கள். வெறுமனே 'படம் 7' என்று போட்டால் யாருக்கும் பயனில்லை.

நூல்கண்டு:
மின்கம்பி அண்ணா, சொந்தப் பெயரில் டொமைன் வாங்குவது பற்றியும் சொல்லுங்கள். அம்மாவின் பெயரிலேயே ஒன்று காலியாக இருக்கிறது.

மின்கம்பி:
காலியாக இருந்தால் வாங்கிவிடலாம். டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பதிவாளர் யாரிடமும் வாங்கலாம். முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைத் தேடிப் பாருங்கள். அதைப் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். வாங்கியதும் மின்னஞ்சலை உறுதி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு 15 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் பெயரை நிறுத்திவைத்துவிடுவார்கள். நிறையப் பேர் அதை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

வாங்கிய பிறகு கிட்ஹப்பில் பேஜஸ் அமைப்புக்குப் போய், கஸ்டம் டொமைன் என்ற கட்டத்தில் முதலில் பெயரைப் போடுங்கள். அதன் பிறகுதான் பதிவாளரின் டிஎன்எஸ் பக்கத்தில் ஏ பதிவுகளை, அதாவது பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண்களைச் சேர்க்க வேண்டும். என்ன எண்கள் என்று கிட்ஹப்பின் உதவிப் பக்கத்திலேயே இருக்கும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர ஒரு நாள்கூட ஆகலாம், அதற்குள் அதைத் திருப்பித் திருப்பி மாற்றாதீர்கள். பாதுகாப்பான இணைப்பு என்று காட்டும் பூட்டு அடையாளத்துக்கான சான்றிதழை அவர்களே லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாக எடுத்துப் புதுப்பித்துக்கொள்வார்கள். சான்றிதழ் வந்ததும் என்ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ் என்ற பெட்டியில் டிக் செய்துவிடுங்கள்.

பழையதிரை:
டொமைன் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. நான் முதலில் செய்த தளத்துக்குப் பெயரைத் தெரிந்த ஒருவர் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். மூன்று வருடம் கழித்து அவர் வேலை மாறினார், மின்னஞ்சல் மாறியது, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எதுவும் எனக்கு வரவில்லை. பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். கோப்புகள் என்னிடமே இருந்ததால் தளத்தை வேறு பெயரில் மறுபடி போட்டேன். ஆனால் பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர்கள் போனது போனதுதான். அதனால் பெயர் உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில், தானாகப் புதுப்பிக்கும் அமைப்போடு இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்க வேண்டாம். டொமைன் நின்றால் எச்சரிக்கைக் கடிதமும் சேர்ந்து நின்றுவிடும்.

அதே மாதிரி, எந்த இலவச இடத்தையும் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். ஜியோசிட்டீஸ் என்ற இலவச ஹோஸ்டிங் 1994ல் தொடங்கி, கோடிக்கணக்கான பக்கங்களோடு இருந்தது. 2009ல் யாஹூ அதை மூடியது. ஆர்வலர்கள் அவசரமாக நகல் எடுத்து வைத்தது மட்டும்தான் தப்பியது. உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர்தான் மூலம், இணையத்தில் இருப்பது அதன் பிரதி. நான் எச்டிஎம்எல் என்று அடம்பிடிப்பதே இதற்காகத்தான். அந்த ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு நாளைக்கே வேறு எந்த சர்வருக்கும் போகலாம்.

மின்கம்பி:
இதில் ஐயாவோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு. அம்மாவே உட்கார்ந்து வாரம் ஒன்று எழுத ஆசைப்பட்டால், படிப்பவர்கள் கேள்வி கேட்டு அவர் பதில் சொல்ல விரும்பினால், கோப்பு எடுத்து ஏற்றுவது அவருக்குச் சுமை. அப்போது வேர்ட்பிரஸ்தான் வசதி. அதிலிருந்தும் எல்லாப் பதிவையும் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ள முடியும். ஒரு இடத்தில் சேர்வதற்கு முன் வெளியே எடுக்கும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் அதே கருத்துதான்.

பழையதிரை:
அதை ஒப்புக்கொள்கிறேன். யார் எழுதப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

நூல்கண்டு:
அம்மா தட்டச்சு செய்யமாட்டார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடிக்கிறேன். இப்போதைக்கு எச்டிஎம்எல் போதும்.

முதல் நோட்டு முழுவதும் ஏற்றிவிட்டேன், டொமைனும் வேலை செய்கிறது. ஆனால் கைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு அளவு. விரித்து விரித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

சாளரம்:
மேற்பகுதியில் வியூபோர்ட் என்ற மெட்டா வரி இல்லை. அது இல்லாவிட்டால் கைபேசி உங்கள் பக்கத்தைப் பெரிய திரைக்கானது என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். அகலம் கருவியின் அகலம், தொடக்கப் பெரிதாக்கம் 1 என்று சொல்லும் வரி, எம்டிஎன்னில் அப்படியே கிடைக்கும். கூடவே, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று ஒரு வரி. தமிழுக்கு வரி உயரத்தை 1.7 வரை வையுங்கள். கொம்பும் சுழியும் மேல் வரியோடு இடிக்காமல் இருக்கும்.

நூல்கண்டு:
சேர்த்துவிட்டேன், இப்போது நன்றாகப் படிக்க முடிகிறது.

அம்மா கைபேசியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நடுவில் நிறுத்தி, 'முன்கழுத்து இறக்கம் ஆறரை இல்லை, ஏழு. நீ தப்பாக அடித்திருக்கிறாய்' என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தால் ஏழுதான். கிட்ஹப்பில் பென்சில் அடையாளத்தை அழுத்தி அங்கேயே திருத்தினேன். ஆனால் அம்மாவின் கைபேசியில் இன்னும் ஆறரைதான் காட்டுகிறது. நான் திருத்தவே இல்லை என்கிறார்.

மின்கம்பி:
உலாவி பழைய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் விட்டு அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். லேப்டாப்பில் என்றால் கன்ட்ரோலும் எஃப்5ம் சேர்த்து அழுத்தினால் உடனே வரும். இன்னொன்று, அங்கே திருத்தியதை உங்கள் லேப்டாப் கோப்பிலும் திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை ஏற்றும்போது ஆறரை திரும்பி வந்துவிடும்.

நூல்கண்டு:
ஏழு வந்துவிட்டது. லேப்டாப்பிலும் திருத்திவிட்டேன். அம்மா இரண்டாவது நோட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார், அதில் குழந்தைச் சட்டைகள். நாளை மாலை அதைப் படம் எடுக்க ஆரம்பிக்கிறோம்.